காற்றுப் போகப் பின்னிய சுவெட்டர்

சனிக்கிழமைப் பின்னேரங்களில் எங்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. அந்தக் கிழமை முழுக்கப் பின்னியதில் விட்ட பிழையை முதலில் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் செய்து முடித்ததைக் காட்டலாம். பிழை காட்டாதவருக்குத் தேத்தண்ணி கிடையாது.

சட்டம் போட்டவர் ராத்தா. கிண்ணியாவில் பிறந்து திருகோணமலை நகரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். அக்காவைக் கிண்ணியா முஸ்லிம்கள் ராத்தா என்பார்கள்; நாங்களும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். கொக்கி ஊசியால் அவர் பின்னும் தொப்பிகளுக்கு மூதூர் வரைக்கும் பெயர். துறைமுகத்துக்குப் போகும் வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒழுங்கையில் அவருடைய வீடு. பின்விறாந்தையில் நான்கு கதிரைகள். அங்கிருந்து பார்த்தால் இரண்டு ஈரப்பலா மரங்களுக்கு நடுவே துறைமுகத்தின் ஒரு துண்டு தெரியும். சில நாள் அந்தத் துண்டுக்குள் ஒரு கப்பலின் வயிறு மட்டும் நிற்கும். முன்பக்கமும் தெரியாது, பின்பக்கமும் தெரியாது. இது இப்போதுதான் வந்ததா, இல்லை போகப்போகிறதா என்று ஊசிகளை மடியில் போட்டுவிட்டு யோசித்துக்கொண்டே இருப்பேன். யோசித்து முடிவதற்குள் வெயில் சாய்ந்துவிடும்.

எழுபதுகளின் முற்பகுதி அது. வெளிநாட்டுச் சாமான் வராத காலம். கடைகளில் கம்பளி நூலும் இல்லை, பின்னல் ஊசியும் இல்லை. சைக்கிள் சில்லுக் கம்பியை வெட்டி, சீமெந்துத் தரையில் உரசி, நுனியை மழுக்கி ஊசியாக்கிக்கொள்வோம். நூல் வேண்டுமென்றால் எதையாவது பழசைப் பிரிக்க வேண்டும். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டுகிற ஊரில் கம்பளி எதற்கு என்று என் வீட்டுக்காரர் கேட்பார். பதுளையில் ஒருவருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, நுவரெலியாவில் ஒருவருக்குச் சளி பிடித்திருக்கிறது என்று ஏதாவது சொல்லி வைப்பேன். உண்மையில் காரணம் ஒன்றும் இல்லை. அந்த விறாந்தையில் நேரம் மெதுவாக, அரைத்தூக்கத்தில் நடப்பது போல நடந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது.

பிழைகளுக்குப் பஞ்சமே இல்லை. ராத்தா தன் புருஷனின் தலைக்கு ஒரு தொப்பி தொடங்கினார். கதை சுவாரசியத்தில் அது அகன்று அகன்று போய்க் கடைசியில் சோற்றுப்பானைக்கு மூடியாயிற்று. எங்களோடு இருந்த டீச்சர், வகுப்பில் கணக்குச் சொல்வது போல உரத்து எண்ணிக்கொண்டே பின்னுவார். ஆறு மாதம் எண்ணிப் பின்னிய மேசைவிரிப்பைத் தோய்த்து வேலியில் காயப்போட்டார். கோட்டைப் பக்கத்து மான்கள் ஊருக்குள் மாடுகளைப் போலத் திரிகிறவை. அதில் ஒன்று வந்து விரிப்பின் கால்வாசியைத் தின்றுவிட்டுப் போயிற்று. மிச்சத்தை டீச்சர் அந்தச் சனிக்கிழமை தூக்கிக் காட்டியபோது நாங்கள் சிரித்த சிரிப்பில் ராத்தாவின் கோழிகள் கலைந்து ஓடின.

நான்காவது ஆள் சல்லி அக்கா. சல்லிக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருவார். கிழிந்த வலை பொத்திப் பழகிய கை. எங்கள் எல்லோரையும்விட வேகம். ஒருமுறை நைலோன் நூலில் சந்தைப்பை பின்னுகிறேன் என்று தொடங்கி, பேச்சுக் கவனத்தில் வாயையும் சேர்த்துப் பின்னி மூடிவிட்டார். உள்ளே கை போக வழியில்லை. "ஒரு மீனும் இதுக்குள்ளால தப்பேலாது" என்று அதைத் தட்டிக் காட்டினார்.

நான் மட்டும் கள்ளம் செய்தேன். எனக்குப் பிழை காட்டவும் பிடிக்காது, பிழை விட்டதைப் பிரிக்கவும் பிடிக்காது. மேலே இன்னும் இரண்டு வரி போட்டு மூடிவிடுவேன். ஆனால் தேத்தண்ணி வேண்டுமே. அதனால் வெள்ளிக்கிழமை பின்னேரம் வேண்டுமென்றே ஒரு கண்ணியை நழுவவிட்டு வைப்பேன். எல்லோருக்கும் தெரிகிற, யாருக்கும் வலிக்காத ஒரு சின்னப் பிழை. சனிக்கிழமை அதைக் காட்டி, கூச்சப்படுவது போலச் சிரித்து, தேத்தண்ணி வாங்கிக் குடிப்பேன். உண்மையான பிழைகள் எல்லாம் வீட்டில், அலுமாரியின் அடித்தட்டில் இருந்தன.

என் தங்கச்சி பாலையூற்றில் என்னோடும் என் வீட்டுக்காரரோடும் இருந்தாள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு எனக்கு அவளும் அவளுக்கு நானும்தான். ஒரே சீப்பு, ஒரே குடை. இரவில் ஒருத்தி தொடங்கிய கதையைக் காலையில் மற்றவள் முடிப்பாள். அவளுக்கு ஊசி என்றாலே ஆகாது. பொத்தான் தைக்கச் சொன்னாலும் என்னிடம் எறிந்துவிட்டுப் போவாள். அவள் இங்கிலாந்தில் தாதிப் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள் என்பது என் வீட்டுக்காரருக்குத் தெரிந்திருந்தது. அவருடைய அலுவலக நண்பர்களுக்குத் தெரிந்திருந்தது. பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரிந்தது, இடம் கிடைத்துவிட்டது என்று கடிதம் வந்த பிறகு.

கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தேன். கிட்ட வந்து நின்று சொன்னாள். "உனக்குச் சொன்னா நீ அழுவாய் எண்டுதான் சொல்லேல்லை அக்கா" என்றாள். நான் அழவில்லை. அழுதிருக்கலாம். என் வாயிலிருந்து வந்தது வேறு.

"போ! போய் அந்தக் குளிருக்குள்ள விறைச்சுக் கிட!"

சொன்ன உடனேயே நாக்கைக் கடித்துக்கொண்டேன். கடித்து என்ன பயன்? அவள் என் கையிலிருந்த துணிகளில் தன்னுடையதை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து எங்களுக்குள் சோறும் தண்ணீரும் மட்டுமே பேச்சு. "சோறு இருக்கு." "ஓம்." "கதவைச் சாத்தினதா?" "ஓம்." ஒரு மன்னிப்பைக் கேட்டிருக்கலாம். என்னால் ஏலவில்லை. சொன்ன சொல்லை வாயால் திருப்பி எடுக்க எனக்குத் தெரியாது. கையால் எடுக்கலாம் என்று நினைத்தேன். விறைக்காமல் இருக்க ஒரு சுவெட்டர் பின்னிக் கொடுத்துவிட்டால் அந்தச் சொல் தானாகச் செத்துப்போகும் என்று நம்பினேன்.

நூல் தந்தவர் டீச்சர். அவருடைய தகப்பன் கடற்படைத் தளத்தில் வேலை செய்தவர். வெள்ளைக்காரர் தளத்தை விட்டுப் போனபோது ஓர் அதிகாரி அவருக்குக் கொடுத்துவிட்டுப் போன தடித்த நீலக் கம்பளிச் சட்டை ஒன்று, பூச்சி உருண்டைகளோடு பெட்டியில் பதினைந்து வருடத்துக்கு மேல் கிடந்தது. "இந்த நூலுக்குக் குளிர் எண்டா என்னெண்டு தெரியும்" என்று சொல்லி டீச்சர் அதை என் மடியில் வைத்தார். நான்கு பேருமாகப் பிரித்தோம். ஒருத்தி இழுக்க ஒருத்தி கதிரையின் முதுகில் சுற்றினாள். நூல் இடியப்பம் மாதிரிச் சுருண்டு சுருண்டு வந்தது. தோய்த்து, சுருள் போக நுனியில் கல்லைக் கட்டி ஈரப்பலா மரத்தில் தொங்கவிட்டோம். ஈரம் சொட்டச் சொட்ட அதிலிருந்து ஒரு வாசனை வந்தது. உப்பும் புகையும் கலந்த வாசனை, ஆனால் எங்கள் கடலின் உப்பு அல்ல. மரத்தடியில் நின்று அதை முகர்ந்துகொண்டே நான் எங்கோ போய்விட்டேன். ராத்தா கூப்பிட்டது கேட்கவில்லையாம்.

கொடியில் காய்ந்த அவளுடைய சட்டையைக் களவாக எடுத்து அளவு பார்த்தேன். பேசாதவளிடம் கையைத் தூக்கு, தோளைக் காட்டு என்று எப்படிச் சொல்வது? மூன்று கிழமையில் முன்பக்கமும் பின்பக்கமும் முடிந்தன. இறுக்கமான பின்னல். விரல் நுழையாது. என் வாழ்நாளில் அவ்வளவு ஒழுங்காக நான் எதையும் பின்னியதில்லை.

அப்போது கச்சான் காற்று வீசுகிற மாதம். தரையிலிருந்து நெருப்பு எழும்புவது போல அடிக்கும். ஒரு மத்தியானம் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் தோளில் ஊசி குத்தி இணைத்து நானே போட்டுப் பார்த்தேன். ஐந்து நிமிடம் போகவில்லை. வேர்வை கண்ணுக்குள் ஒழுகியது. மூச்சு முட்டியது. கழற்றி எறிந்துவிட்டுக் கிணற்றடியில் போய்க் குந்தினேன். ஐயோ, இதைப் போட்டால் பிள்ளை மூச்சு முட்டிச் செத்துப் போவாளே என்று நினைத்தேன்.

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அது சிரிப்பாக இருக்கவில்லை. குளிர் என்ற ஒன்றை நான் அறிந்தது மார்கழி விடியற்காலை கிணற்றுத் தண்ணீரில் மட்டும்தான். எவ்வளவு குளிராக இருந்தாலும் மனிதருக்குக் கொஞ்சம் காற்று வேண்டாமா?

சனிக்கிழமை அதைக் கொண்டுபோனேன். பிழை என்று சொல்லவில்லை, சந்தேகம் என்று சொன்னேன். வெள்ளிக்கிழமைப் பிழையை வழக்கம் போலத் தனியாகக் காட்டினேன். ராத்தா சுவெட்டரை வாங்கிப் போட்டுப் பார்த்தார். டீச்சர் போட்டுப் பார்த்தார். சல்லி அக்கா போட்டுக்கொண்டு விறாந்தையில் இரண்டு தரம் நடந்து பார்த்தார். மூன்று பேரின் முகமும் சிவந்துபோயிற்று.

"அல்லாவே, இது உடுப்பா அடுப்பா?" என்றார் ராத்தா. "புள்ளைக்குக் காத்துப் போக வழி வைக்கணும்."

"அங்க குளிர்தானே?" என்று டீச்சர் இழுத்தார்.

"குளிரெண்டாலும் மனிசருக்கு வேர்க்கும்" என்றார் சல்லி அக்கா. "வலைக்குக் கண் இல்லாட்டித் தண்ணி போகாது. இதுக்குக் கண் இல்லாட்டிக் காத்துப் போகாது. அரை விரல் நுழையிற மாதிரிக் கண் விட்டுப் பின்னு. வடிவாயும் இருக்கும்."

நான் பிரிக்க மாட்டாதவள் என்று சொன்னேன் அல்லவா? அன்று பிரித்தேன். மூன்று கிழமை வேலையை, அந்த விறாந்தையிலேயே இருந்து, ஒரு வருத்தமும் இல்லாமல் கடைசிக் கண்ணி வரை பிரித்தேன். அவளுக்காக என்று நினைத்தபோது கை வலிக்கவில்லை. பிறகு மறுபடி தொடங்கினேன். நான்கு கண்ணிக்கு ஒரு கண், ஒரு வரி விட்டு ஒரு வரி. சல்லி அக்கா கண்களின் அளவை வலைக்குப் பார்ப்பது போல விரலை விட்டுப் பார்த்தார். முடிந்ததை ஈரப்பலா நிழலில் விரித்தபோது தரையில் சின்னச் சின்ன வெளிச்சப் புள்ளிகள் விழுந்து அசைந்தன. நான்கு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவ்வளவு அழகு.

அந்த நாட்களில் பகல் தூக்கத்தில் ஒரு கனவு வரும். துறைமுகம் முழுக்க வெள்ளையாக உறைந்திருக்கும். கப்பல்கள் அசையாது. தோணிகள் கோதுமை மாவில் செருகின மாதிரி நிற்கும். மான்கள் தண்ணீரின் மேல் நடந்து அக்கரைக்குப் போகும். அவற்றுக்கு நடுவே தங்கச்சி நீலச் சுவெட்டரோடு நடப்பாள். திரும்பிப் பார்க்க மாட்டாள். ஆனால் குளிரவில்லை என்பது அவளுடைய நடையில் தெரியும். அது போதும் என்று கனவுக்குள்ளேயே நினைத்துக்கொள்வேன்.

டீச்சருக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. பரீட்சை வைக்காமல் எதையும் நம்பாத மனிசி. "எங்கயாவது குளிரான இடத்தில போட்டுப் பாக்க வேணும்" என்றார். குளிரான இடத்துக்கு எங்கே போவது? சல்லி அக்காதான் வழி சொன்னார். மீன் இறக்குகிற இடத்தில் ஐஸ் அறை ஒன்று இருந்தது. அங்கே அவருடைய மச்சான் ஒருவர் வேலை செய்தார். அடுத்த சனிக்கிழமை மத்தியானம், தார் உருகுகிற வெயிலில், நான்கு பேரும் ஒரு குடைக்குள் தலையை மட்டும் நுழைத்துக்கொண்டு நடந்தோம். செருப்பு தாரில் ஒட்டிக் கழன்றது.

மச்சான் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "ஐஸ் வேணுமெண்டா வெளியில வெட்டித் தாறன். உள்ள என்ன விசேஷம்?"

"லண்டன் பாக்கப் போறம். கதவைத் திற" என்றார் சல்லி அக்கா.

தடித்த மரக்கதவு திறந்தது. நான் சுவெட்டரைச் சீலைக்கு மேலே போட்டுக்கொண்டு முதலில் நுழைந்தேன். உள்ளே அரையிருட்டு. மரத்தூளும் மீனும் மணத்தன. ஐஸ் பாளங்களிலிருந்து வெண்புகை எழுந்து காலைச் சுற்றியது. ஆஹா, அந்தச் சுகத்தை எப்படிச் சொல்வேன்! வெயிலில் வெந்து வந்த உடம்பு. பின்னலின் கண்கள் வழியாகக் குளிர் ஒவ்வொரு புள்ளியாக வந்து தொட்டது. உடம்பெல்லாம் யாரோ சந்தனம் பூசுவது போல இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். ராத்தா முக்காட்டை விலக்கி ஒரு பாளத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டார். டீச்சர் பரீட்சையை மறந்து ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்துவிட்டார்.

"எப்பிடி இருக்கு?" என்று கேட்டார் கொஞ்சம் பொறுத்து.

"அளவான குளிர்" என்றேன். "சரியா இருக்கு."

"இதுதான் லண்டன் எண்டா நானும் வாறன் புள்ள" என்றார் ராத்தா, கன்னத்தை எடுக்காமலே.

"வெளியில வாங்கோ, ஐஸ் கரையுது!" என்று மச்சான் கத்தினார். எங்களை வெளியே எடுக்க அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. சுவெட்டர் பரீட்சையில் தேறிவிட்டது என்று டீச்சர் அறிவித்தார். வெயிலில் வெந்த உடம்போடு போய் ஐந்து நிமிடம்கூட உள்ளே நிற்கவில்லையே என்று யாருக்கும் தோன்றவில்லை.

அவள் போன நாள், ஸ்டேஷனில் ரயில் வெளிக்கிடுவதற்குக் கொஞ்சம் முன்பு அந்தப் பொதியை ஜன்னலால் கொடுத்தேன். பத்திரிகைத் தாளில் சுற்றிச் சணல் கட்டியது. கொழும்புவரை என் வீட்டுக்காரர் கூடப் போனார். அவள் தாளைப் பிரித்தாள். சுவெட்டரை இரண்டு கையாலும் தூக்கி, மேடை விளக்குக்கு எதிரே பிடித்தாள். கண்கள் ஒவ்வொன்றாலும் வெளிச்சம் வந்து அவள் முகமெல்லாம் புள்ளி புள்ளியாக விழுந்தது. அதற்குப் பின்னாலிருந்து என்னை வெகு நேரம் பார்த்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்தது. விளங்கிக்கொண்டாள், மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"வடிவாயிருக்கு" என்றாள்.

"போட்டுக்கொள்" என்றேன். ரயில் போய்விட்டது.

கடிதங்கள் வந்தன. நீல நிற வான்கடிதங்கள், ஓரம் ஒட்டி மடித்தவை. ஒவ்வொன்றையும் விறாந்தைக்குக் கொண்டுபோய் வாசிப்பேன். படிப்பு நல்லாய்ப் போகிறது. சாப்பாட்டில் உறைப்பு இல்லை. பனி பெய்தது. 'சுவெட்டர் மிக வடிவு. யார் பின்னியது என்று எல்லோரும் கேட்கிறார்கள்.' அந்த வரியை இரண்டு தரம் வாசிப்பேன். ராத்தா மூன்றாம் தரமும் வாசிக்கச் சொல்வார். சல்லி அக்கா வராத கிழமைகளில் வாசித்ததை அடுத்த கிழமை அவருக்காக மறுபடி வாசிப்போம். என்னுடைய அந்தச் சொல் செத்துவிட்டது என்று நம்பி நான்கு வருடம் நிம்மதியாக இருந்தேன்.

நான்காம் வருடம் ஆறு கிழமை லீவில் வந்தாள். கொஞ்சம் வெளுத்திருந்தாள். சிரித்தாள், கதைத்தாள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுத்தாள். எல்லாம் விருந்தாளி மாதிரி. குசினிக்குள் வந்து சட்டியைத் திறந்து பார்க்கவில்லை. என் சீப்பை எடுக்கவில்லை. தூரத்துக் களைப்பு என்று நினைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, உடுப்புகளை வெயில் காட்டலாம் என்று அவளுடைய பெட்டியை நான் திறந்தேன். அடியில் சுவெட்டர் கிடந்தது. முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. நீலத்தின் மேல் எங்கும் நிறங்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை, சாம்பல், குழந்தைகளின் இளஞ்சிவப்பு. நான் விட்ட ஒவ்வொரு கண்ணையும் ஒவ்வொரு துண்டு நூலால் யாரோ அடைத்திருந்தார்கள். கோணல் மாணலான தையல். சில இடத்தில் முடிச்சு வெளியே துருத்திக்கொண்டு நின்றது. பின்பக்கத்தில் கடைசி மூன்று வரிக் கண்கள் மட்டும் திறந்தபடியே கிடந்தன.

அவள் வாசலில் நின்றாள்.

"என்னடி இது?"

"குளிர் வந்தது. அடைச்சனான்."

"நீயா? ஊசி பிடிக்கத் தெரியாத நீயா?"

"விறைச்சா எல்லாம் தெரியும் அக்கா. ஆஸ்பத்திரி வாட்டில இருந்த கிழவியள் மிச்ச நூல் தருவினம்."

"வடிவாயிருக்கு எண்டு எழுதினியே!"

"வடிவாத்தான் இருந்தது. சூடாயிருக்கு எண்டு நான் ஒருக்காலும் எழுதேல்லை."

பிறகு எல்லாக் கடிதங்களையும் எடுத்துப் பார்த்தேன். உண்மைதான். ஒன்றில்கூட இல்லை.

அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். என்னைப் பாராமல் சொன்னாள். "ஸ்டேஷனில தூக்கிப் பாத்த உடனேயே நினைச்சனான். அக்கா சொன்ன மாதிரியே பின்னித் தந்திருக்கிறா எண்டு."

எனக்கு வந்தது அழுகை அல்ல, கோபம். நான் அப்படித்தான். "நான் உனக்கு அப்பிடிச் செய்வனா? கேட்டு ஒரு வரி எழுத உனக்குக் கை இல்லையா?"

"செய்ய மாட்டாய் எண்டு நினைச்ச நாளில எல்லாம் ரெண்டு மூண்டு கண் அடைப்பன். செய்திருப்பாய் எண்டு நினைச்ச நாளில பெட்டிக்குள்ள போட்டு மூடிப்போடுவன். மூண்டு வரி இன்னும் மிச்சம் இருக்கு." அவ்வளவுதான் சொன்னாள். எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை நான் எந்தக் கண்ணியையும் நழுவவிடவில்லை. மறுநாள் மத்தியானம் சுவெட்டரை ஒரு பையில் வைத்து, அவளையும் வா என்று கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். ராத்தாவின் விறாந்தையில் நான்கு கதிரை ஐந்தாயிற்று. ஈரப்பலாக்களுக்கு நடுவே வழக்கம் போல ஒரு கப்பலின் வயிறு. வழக்கம் போல ராத்தா கேட்டார், "முதல்ல யாரு பிழை காட்டுற?"

சுவெட்டரை எடுத்து மேசையில் விரித்தேன். "இது" என்றேன். "நாங்கள் விட்ட கண். இந்தப் பிள்ளை நாலு வருஷமா அதுக்குள்ளால குளிர் குடிச்சிருக்கிறாள். நான் வேணுமெண்டு செய்தனான் எண்டு நினைச்சிருக்கிறாள்."

மூவரும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கினார்கள். இறுக்கமாய்ப் பின்னினது முதல், எல்லோரும் போட்டு வேர்த்தது, நான் ஒரு சொல் சொல்லாமல் முழுவதையும் பிரித்தது, எல்லாவற்றையும் சொன்னார்கள். "கண் விடச் சொன்னது நான்தான் தங்கச்சி, என்ர வலைப் புத்தி" என்றார் சல்லி அக்கா. "பரீட்சை வச்சுத் தேறிட்டுது எண்டு சொன்னது நான்" என்றார் டீச்சர்.

"என்ன பரீட்சை?" என்று கேட்டாள் தங்கச்சி.

ஐஸ் அறைக் கதையைச் சொன்னார்கள். ஒரு குடைக்குள் நாலு தலை போனது. தாரில் கழன்ற செருப்பு. பாளத்தில் வைத்த கன்னம். நான் கண்ணை மூடிக்கொண்டு 'அளவான குளிர்' என்று சொன்னது. தங்கச்சி முதலில் நம்பாமல் ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு அவளுக்கு உதடு துடித்தது. பிறகு சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கதிரையிலிருந்து சரிந்து, "ஐஸ் அறைக்குள்ளயா? மத்தியானத்திலயா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. ராத்தா அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

அடங்கினதும் ராத்தா என் பக்கம் திரும்பினார். "இது உன்ட பிழை இல்ல புள்ள. எங்கட பிழை. நாலு பேர்ட பிழை."

அதோடு விட்டிருக்கலாம். தேத்தண்ணி கிடைத்திருக்கும்.

"ஓம் ராத்தா" என்றேன். "கண் விட்டது நாலு பேற்ற பிழை. ஆனா அதுக்கு முதல் நான் இவளுக்கு ஒரு சொல் சொன்னனான். போய் விறைச்சுக் கிட எண்டு. அது எனக்கு மட்டும் உரிய பிழை. அதைச் சொல்ல ஏலாமத்தான் இதைப் பின்னினனான்." அவளைப் பார்த்தேன். "நீ போறாய் எண்டு பயத்தில சொன்னனான். பிழை, தங்கச்சி."

அவள் மூக்கைச் சீலைத் தலைப்பால் துடைத்தாள். சுவெட்டரைத் தன் பக்கம் இழுத்து, திறந்து கிடந்த மூன்று வரியைக் காட்டினாள். "இது என்ர பிழை" என்றாள். "உன்னட்டக் கேக்காமல் விட்டது."

சல்லி அக்கா அந்த மூன்று வரியை அடைக்க ஊசியில் நூல் கோத்தார். ராத்தா எழுந்து குசினிக்குப் போய்க் கோப்பைகளோடு வந்தார். முதல் கோப்பையை என் கையில் வைத்து, குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். "வெள்ளிக்கிழமைப் பிழையெல்லாம் எனக்குத் தெரியும் புள்ள. இண்டைக்குக் குடி."

அத்தனை வருடமும் அந்த விறாந்தையில் நான் குடித்ததெல்லாம் களவுத் தேத்தண்ணி. அன்றைக்குக் கண்ணீர் விழுந்து கொஞ்சம் உப்புக் கரித்தது. ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன்.